பழைய எஞ்சின் ஏன் போனது என்று முதலில் பாருங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பதினைந்து, இருபது ஆண்டு உழைத்த சரக்கு லாரியில் எஞ்சின் போய்விட்டால், 'எந்த எஞ்சினைப் போடலாம்?' என்றுதான் உரிமையாளர்கள் முதலில் கேட்கிறார்கள். இருந்த எஞ்சின் எதனால் போனது என்பதை அதற்கு முன்பே கேட்டாக வேண்டும். அது தெரியாமல் வாங்கிப் பூட்டும் எஞ்சின் அதே வண்டியில் அதே காரணத்தால் மறுபடி போகும், பல நேரம் முன்னதைவிடச் சீக்கிரமாகவே.

இழுவை குறைந்து கறுப்புப் புகை தள்ளுகிறது என்பதற்காக மட்டும் எஞ்சினை இறக்கிவிட வேண்டாம். அடைத்துப்போன ஏர் ஃபில்டர், காற்றுக் கசியும் டர்போ ஹோஸ், ஒழுகும் நாசில் (டீசலைச் சிலிண்டருக்குள் தெளிக்கும் முனை) ஆகியவையும் அதே அறிகுறியைத்தான் காட்டும். எஞ்சின் நன்றாகச் சூடேறிய பிறகு ஒவ்வொரு சிலிண்டரிலும் கம்ப்ரஷன் எடுங்கள், அதாவது பிஸ்டன் காற்றை நசுக்கும் அழுத்தத்தை அளந்து பாருங்கள். சிலிண்டர்களுக்கிடையே 3, 4 பாருக்கு (அழுத்தத்தின் அலகு) மேல் வித்தியாசம் இருந்தாலோ, ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்தால் பேக் கம்ப்ரஷன் (ரிங்கைத் தாண்டிக் கீழே கசியும் வாயு) புகையாக வீசினாலோ, சூட்டில் ஆயில் பிரஷர் படுத்துவிட்டாலோ உள்ளே தேய்மானம் இருக்கிறது என்று நம்பலாம். ஆயில் பிரஷரை வண்டியின் மீட்டரை நம்பிச் சொல்லாமல், தனி கேஜ் மாட்டிப் பார்ப்பது நல்லது.

எஞ்சினைப் பிரித்ததும் பாகங்களை எடைக்குப் போட்டுவிடாதீர்கள். மேசையில் வரிசையாக வைத்துப் படியுங்கள். லைனரின் (பிஸ்டன் ஏறி இறங்கும் உருளை உறை) மேற்பகுதியும் பிஸ்டனின் முதல் ரிங்கும் மட்டும் அளவுக்கு மீறித் தேய்ந்திருந்தால் தூசி போயிருக்கிறது. ஃபில்டருக்கும் எஞ்சினுக்கும் இடையிலான குழாயின் உட்புறத்தை விரலால் தடவினால் மண் ஒட்டும். லைனரின் வெளிப்புறத்தில், தண்ணீர் படும் பக்கம், ஊசியால் குத்தியதுபோலக் குழிகள் இருந்தால் கூலன்ட் சேர்க்காமல் வெறும் தண்ணீரில் ஓட்டியிருக்கிறார்கள். லைனர் அதிர்வதால் தண்ணீரில் உண்டாகும் குமிழிகள் வெடித்து இரும்பை அரித்த தடம் அது. ஒரே ஒரு பிஸ்டனின் தலை மட்டும் உருகியிருந்தால் அந்தச் சிலிண்டரின் நாசிலைச் சோதியுங்கள். எல்லாமே கருகியிருந்தால் பம்பில் டீசல் கூட்டி வைத்திருக்கலாம். பிஸ்டன் பக்கவாட்டில் உரசி, ஹெட்டும் வெடித்திருந்தால் ரேடியேட்டர்தான் முதல் சந்தேகம். இந்தக் கோளாறுகளில் பல, புது எஞ்சின் போட்டாலும் தீராது. குற்றவாளி இன்னும் சேஸிஸ் மேலேயே உட்கார்ந்திருக்கும்.

அடுத்தது தேர்வு. பிளாக்கும் (எஞ்சினின் உடல்) கிராங்கும் (பிஸ்டன்கள் சுழற்றும் தண்டு) நல்ல நிலையில் இருந்தால் அதே எஞ்சினைப் புதுப்பித்து ரீகண்டிஷன் செய்வதே பழைய வண்டிக்கு நல்லது என்பது என் கருத்து. காரணம் எளிது: மவுண்டிங், வயரிங், பைப் எதுவும் மாறாது. ஆனால் கிராங்க் ஏற்கெனவே எத்தனை முறை அரைக்கப்பட்டது என்று அளந்து பார்க்க வேண்டும். ஜர்னலை (கிராங்கில் பேரிங் உட்காரும் பகுதி) 0.25 மி.மீ. படிகளாகத்தான் குறைக்க முடியும். 0.75-ஐத் தொட்டுவிட்டால் பேரிங் கிடைக்கும் கடைசி அளவை நெருங்கிவிட்டோம் என்று பொருள். அரைத்த பிறகு ஜர்னலின் ஓர வளைவு பழைய அளவில் இருக்கிறதா, விரிசல் சோதனை செய்தார்களா என்று கேளுங்கள். அந்த வளைவைக் கூர்மையாக வெட்டிவிட்ட கிராங்க் அங்கேயேதான் ஒடியும். வெட் லைனர் எஞ்சினில் (லைனரின் வெளிப்புறத்தில் நேரடியாகத் தண்ணீர் படும் வகை) லைனரின் விளிம்பு பிளாக்கின் மட்டத்துக்கு மேல் நூறில் சில பங்கு மில்லிமீட்டர் நிற்க வேண்டும், எல்லா லைனரும் ஒரே அளவில் நிற்க வேண்டும். இதை அளக்காமல் ஹெட்டை இறுக்கினால் கேஸ்கெட் நிற்காது.

பிளாக் வெடித்திருந்தால் ஹாஃப் எஞ்சினோ (ஹெட், பம்பு, நாசில் இல்லாதது), முழு எஞ்சினோ, கழற்றி விற்கும் பழைய எஞ்சினோ வாங்க வேண்டியதுதான். பழையது என்றால் ஆயில் தேங்கும் அடித்தொட்டியான சம்பைக் கழற்றிக் காட்டச் சொல்லுங்கள், நடு மெயின் பேரிங் ஒன்றையாவது இறக்கிப் பாருங்கள். கையால் ஒரு முழுச் சுற்று சுற்ற வேண்டும். ஃப்ளைவீல் பக்கம் கம்பியால் நெம்பி கிராங்கின் முன்பின் ஆட்டத்தை அளக்க வேண்டும். பொதுவாக அது 0.1 முதல் 0.4 மி.மீ. வரை இருக்கலாம். ஆயில் பால்போல வெளுத்திருந்தால் விலை எவ்வளவு குறைவானாலும் விட்டுவிடுங்கள். ஹாஃப் எஞ்சின் வாங்கினால் பழைய ஹெட்டும் பம்பும் நாசிலும் அதன் மேல் ஏறும், அவற்றின் செலவையும் முதலிலேயே கணக்கில் சேருங்கள்.

வேறு வகை எஞ்சினை ஏற்றுவதில்தான் பலர் ஏமாறுகிறார்கள், ஹார்ஸ்பவரை மட்டும் பார்ப்பதால். 100 கிலோவாட் எஞ்சின் நிமிடத்துக்கு 2500 சுற்றில் அந்தச் சக்தியைத் தந்தால் அப்போது அதன் டார்க் (திருகு விசை) சுமார் 382 நியூட்டன் மீட்டர். அதே 100 கிலோவாட்டை 1800 சுற்றில் தரும் எஞ்சினில் அது 530. சக்தி ஒன்றுதான் என்றாலும், 400-க்குச் செய்த கியர் பாக்ஸும் கிளட்ச்சும் இரண்டாவது எஞ்சினிடம் தாங்காது.

வேகமும் மாறும். 6.17 விகிதக் கிரவுன் பினியன் (பின் ஆக்சிலில் வேகத்தைக் குறைக்கும் பல்சக்கரங்கள்), நேர் டாப் கியர் (1:1), ஒரு சுற்றுக்கு 3.2 மீட்டர் உருளும் டயர் என்று வைத்துக்கொள்வோம். 2500 சுற்றில் வண்டி மணிக்கு 78 கி.மீ. போகும். 1800 சுற்றோடு கவர்னர் (சுற்றுக்கு வரம்பு போடும் கருவி) நிறுத்திவிடும் எஞ்சினில் 56-க்கு மேல் போகாது. பழைய வேகம் வேண்டுமானால் விகிதத்தை 4.4 அளவுக்கு இறக்க வேண்டும். அப்போது ஏற்றத்தில் முதல் கியரின் இழுவை எப்படி இருக்கும் என்று மறுபடி கணக்குப் போட வேண்டும். இந்தக் கணக்கை எஞ்சின் வாங்கும் முன் ஒரு தாளில் போட்டுப் பார்க்க அரை மணி நேரம் ஆகாது.

எஞ்சினையும் கியர் பாக்ஸையும் இணைக்கும் பெல் ஹவுசிங் பொருந்துமா என்பதைக் கண்ணால் பார்த்து முடிவு செய்ய முடியாது. எஸ்.ஏ.இ. (வாகனப் பொறியாளர் சங்கம்) வகுத்த ஹவுசிங் அளவுகளில் 1, 2, 3 மூன்றிலும் போல்ட் பன்னிரண்டுதான். ஆனால் போல்ட் வட்டத்தின் விட்டம் முறையே 530.2, 466.7, 428.6 மி.மீ. அடாப்டர் தட்டு போட்டுப் பொருத்தினால், ஹவுசிங்கின் துளை கிராங்கின் மையத்தோடு ஒத்திருக்கிறதா என்று டயல் கேஜ் வைத்துப் பாருங்கள். 0.2 மி.மீ.க்கு மேல் விலகினால் பைலட் பேரிங்கும் அது தாங்கும் கியர் பாக்ஸின் இன்புட் ஷாஃப்ட்டும் சீக்கிரமே போய்விடும். சம்பின் பள்ளம் முன்பக்கமா பின்பக்கமா, முன் ஆக்சில் மேலே எழும்பும்போது இடிக்குமா, செல்ஃப் மோட்டார் 12 வோல்ட்டா 24-ஆ, பிரேக்குக்கான ஏர் கம்ப்ரசருக்கும் பவர் ஸ்டியரிங் பம்புக்கும் எஞ்சினில் இடம் இருக்கிறதா என்பதெல்லாம் பூட்டும் நாளில் தெரிந்தால் தாமதம்தான். டிப்பராக இருந்தால் ஹைட்ராலிக் பம்பையும் மறக்கக் கூடாது. மின்னணுக் கட்டுப்பாட்டு எஞ்சின் என்றால் அதன் கட்டுப்பாட்டுப் பெட்டி, முழு வயரிங், பெடல் சென்சார் எல்லாம் ஒரே வண்டியிலிருந்து சேர்ந்தே வர வேண்டும். எஞ்சின் எண்ணும் வகையும் மாறுவதைப் பதிவு ஆவணத்தில் ஏற்றுவதற்கான நடைமுறையையும் வாங்கும் முன்பே விசாரித்துவிடுங்கள்.

பழைய எஞ்சினில் பேரிங் உருகியிருந்தால் ஆயில் கூலரைக் கழுவிப் போடலாம் என்று யாராவது சொன்னால் ஏற்காதீர்கள். அதன் குறுகிய வழிகளில் தங்கிய உலோகத் துகள் முதல் நாளே புதுப் பேரிங்குக்குப் போய்ச் சேரும். கூலரைப் புதிதாகப் போடுங்கள். டர்போவின் ஆயில் பைப், ரேடியேட்டரின் உட்புறம், டீசல் டேங்கின் அடிவண்டல், எர்த் வயர், ஏர் ஃபில்டருக்குப் பின்னுள்ள அத்தனை ஹோஸ், கிளாம்ப் ஆகியவற்றையும் எஞ்சின் வெளியே இருக்கும்போதே முடித்துவிட வேண்டும்.

முதல் ஸ்டார்ட்டில் டீசலை நிறுத்தி வைத்து, ஆயில் பிரஷர் ஏறும்வரை செல்ஃபை விட்டு விட்டு அடியுங்கள். ஓடத் தொடங்கியபின் மணிக்கணக்கில் ஐடிலில் விடாதீர்கள். பாரமில்லாமல் ஓடினால் ரிங் லைனரோடு ஒட்டி அமராது, லைனர் கண்ணாடிபோல வழவழப்பாகி எஞ்சின் பிறந்த நாள் முதலே ஆயில் தின்னும். பாதிப் பாரம் ஏற்றி, சுற்றை ஏற்றி இறக்கி ஓட்டுங்கள். முதல் 500 முதல் 1000 கி.மீ.க்குள் ஆயிலையும் ஃபில்டரையும் மாற்றி, வால்வு இடைவெளியை மறுபடி சரிபார்த்து, கழற்றிய ஃபில்டரை அறுத்து உள்ளே உலோகத் துகள் மின்னுகிறதா என்று வெளிச்சத்தில் பாருங்கள்.

இப்படிக்கு,
டீசல் எஞ்சின் மெக்கானிக் ஒருவர்