கிணற்றடியில் கண்ணை மூடாதே

திருகோணமலை

அன்புள்ள மச்சான்,

கடிதம் கிடைத்தது. முதுகெலும்புக்குள் இருந்த கட்டி முழுதாக எடுபட்டதும், அது ஷ்வானோமா, அதாவது நரம்பைச் சுற்றிய உறையில் வளரும் கட்டி, புற்றுநோயில்லை என்று அறிக்கை வந்ததும் இங்கே எல்லாருக்கும் பெரிய ஆறுதல்.

வலி போன பிறகும் வலது கால் ஏன் மரத்தே கிடக்கிறது என்று கேட்டிருந்தாய். இந்தக் கட்டி பெரும்பாலும் உணர்வு நரம்பின் வேரில்தான் முளைக்கும். எடுக்கும்போது அந்த வேரிழையையும் சேர்த்து வெட்டவேண்டி வரும். அதனால் வந்த மரப்பு கொஞ்சம் போகாமலே தங்கிவிடலாம். பக்கத்து வேர்களும் அதே தோலுக்குக் கிளை விடுவதால் பெரிதாகப் பாதிக்காது. முண்ணாண், அதாவது முதுகெலும்புக்குள் ஓடும் நரம்புத்தண்டு, நசுங்கிக் கிடந்ததால் வந்த தள்ளாட்டம் வேறு. அது மாதக்கணக்கில் தேறும், பயிற்சிக்கு மசியும்.

காலில் பலம் இருக்கிறது. கால் எங்கே நிற்கிறது என்ற சேதிதான் மூளைக்குச் சரியாகப் போகவில்லை. அந்த வேலையை இப்போது கண் செய்கிறது. பகலில் நன்றாக நடக்கிற ஆள் இரவில் கரண்ட் போனதும் விழுவதும், கிணற்றடியில் முகத்துக்குச் சவுக்காரம் போட்டுக் கண்ணை மூடினதும் சரிவதும் இதனால்தான். காயம் ஆறி, நனைக்கலாம் என்று டொக்டர் சொன்ன பிறகும் கதிரையில் இருந்தே குளி. தண்ணீரை வேறு யாராவது அள்ளட்டும்: ஒரு வாளி 10 லீற்றர் என்றால் 10 கிலோ. முதல் 6 கிழமைக்கு 2 கிலோவுக்கு மேல் தூக்காதே, குனியாதே, இடுப்பை முறுக்காதே. கட்டிலில் இருந்து எழும்பும்போது தோளும் இடுப்பும் ஒன்றாகப் புரண்டு, காலைக் கீழே விட்டு, கையை ஊன்றி எழும்பு.

பயிற்சிக்கு அறை மூலைதான் நல்ல இடம். முதுகை மூலைக்குக் காட்டி, முன்னால் ஒரு கதிரையை வைத்து, பாதங்களைச் சேர்த்து 30 செக்கன் நில். ஆடாமல் நிற்க வந்தபிறகு கண்ணை மூடிப் பார். சரிந்தால் சுவர் தாங்கும். பக்கத்தில் ஆளில்லாமல் செய்யாதே. நடை ஒரு தடவைக்கு 5 நிமிடம், நாளுக்கு நாலு தடவை. அடுத்தநாள் காலையில் கால் கூடுதலாகச் சோர்ந்தால் முதல்நாள் அதிகமாக நடந்துவிட்டாய் என்று அர்த்தம், குறை.

மலச்சிக்கலை அற்பமாக நினைக்காதே. முக்கும்போது முண்ணாணைச் சுற்றிய நீரின் அழுத்தம் ஏறி, உள்ளே தைத்த உறையில் கசிவு வரலாம். நோக்குளிசைகள் சிலவும் மலத்தை இறுக்கும். பப்பாசி சாப்பிடு, தண்ணீர் நிறையக் குடி. காயத்தில் தெளிந்த நீர் ஊறினாலோ, எழும்பி இருந்தால் இடித்து, படுத்தால் விடுகிற தலைவலி வந்தாலோ, காய்ச்சல் அடித்தாலோ, சிறுநீர் அடைத்தாலோ, கால் புதிதாகச் சோர்ந்தாலோ விடியும்வரை பார்த்திருக்காமல் பெரியாஸ்பத்திரிக்குப் போ. நரம்பு எரிச்சலுக்குத் தந்த பிரிகபாலினை நீயாக நிறுத்தாதே. அதனால் தலைசுற்றும் என்பதையும் மறக்காதே.

கன்னியா வெந்நீர்க் கிணறுகளில் குளித்தால் நரம்பு சுகப்படும் என்று மாமி சொன்னாவாம். காயம் நன்றாக ஆறும்வரை வேண்டாம். பிறகும் மரத்த கால் சூட்டை அறியாது. ஏழு கிணறும் ஒரே சூடில்லை, வாளிக்குள் முழங்கையை விட்டுப் பார்த்தே ஊற்று. நிலாவெளியின் மத்தியான மணலும் அப்படித்தான், செருப்பில்லாமல் இறங்காதே. இரவில் கண்ணாடி பிடித்து உள்ளங்காலைப் பார்.

கோணேசர் கோயிலுக்கு ஏறுவதைவிட இறங்குவதுதான் கடினம். மூலையில் கண்ணை மூடி 30 செக்கன் நிற்கத் தொடங்கியதும் எழுது, கோயிலுக்குப் போக நாள் பார்ப்போம்.

அன்புடன்,
உன் மச்சான்