என் மகனைத் தாங்கிப் பிடித்த வகுப்பறைக்கு

என் மகன் 10-ஆம் வகுப்புப் பொதுத்தேர்வில் தேர்ச்சி பெற்றிருக்கும் இவ்வேளையில், காரைக்குடியை அடுத்த எங்கள் ஊர்ப் பள்ளியின் தலைமையாசிரியருக்கும், ஆசிரியப் பெருமக்களுக்கும், மாற்றுத்திறனுள்ள பிள்ளைகளுக்கு உதவும் வட்டார வள மையத்துச் சிறப்பாசிரியருக்கும், அவனோடு படித்த பிள்ளைகளுக்கும் என் பணிவான வணக்கம்.

அவன் 8-ஆம் வகுப்பை முடித்திருந்த கோடை விடுமுறையில், திருச்சி–இராமேசுவரம் நெடுஞ்சாலையில் வண்டியின் பின்னிருக்கையிலிருந்து தூக்கி எறியப்பட்டான். தலைக்கவசம் அணிந்திருக்கவில்லை. சாலை விபத்தில் அடிபட்டவர்களுக்கான தமிழ்நாடு அரசின் ‘இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48’ திட்டத்தால் முதல் 48 மணி நேரச் சிகிச்சைக்கு எங்களிடம் பணம் கேட்கப்படவில்லை. அவனைப் பிழைக்க வைத்த மதுரை அரசு இராசாசி மருத்துவமனையின் மருத்துவர்களுக்கும் செவிலியர்களுக்கும் நான் என்றும் கடமைப்பட்டவள்.

தையல் ஆறி முடி வளர்ந்ததும், பிள்ளை தேறிவிட்டான் என்றே ஊரார் எண்ணினார்கள். நானும் அப்படித்தான் எண்ணினேன். ஆனால் அடிபட்டது மூளையின் முன்பகுதியில். ஒரு வேலையைத் தொடங்குவது, வரிசைப்படுத்துவது, கோபத்தை அடக்குவது ஆகியவற்றையெல்லாம் பார்த்துக்கொள்ளும் பகுதி அது என்று மருத்துவர் சொன்னபோது எனக்கு முழுதாக விளங்கவில்லை. காலையில் படித்தது மாலையில் மறந்தது. இரைச்சல் கேட்டால் தலைவலி வந்தது. பிற்பகலில் பேச்சே குழறியது. பள்ளி விட்டு வந்ததும் சீருடையைக்கூட மாற்றாமல், எங்கள் பழைய வீட்டின் இரண்டாம் கட்டில், வெளிச்சம் குறைந்த மூலையில், ஆத்தங்குடித் தரைக்கல்லின் குளிர்ச்சியில் கன்னத்தைப் பதித்துப் படுத்துக்கொள்வான். தனிப்பயிற்சிக்குச் சேர்த்த இடத்தில் அவன் நடிக்கிறான் என்று சொல்லித் திருப்பி அனுப்பினார்கள். கண்ணுக்குத் தெரியாத காயத்தை நம்ப வைக்க ஒரு தாய் எத்தனை பேரிடம் மன்றாட வேண்டியிருக்கிறது!

நீங்கள் அவனை நம்பினீர்கள். என் நன்றி முழுவதும் அதற்கே.

கணக்கு ஆசிரியை வினாத்தாளின் நடுவே சன்னல் போல வெட்டிய ஓர் அட்டையை வைத்து, ஒரு நேரத்தில் ஒரு கணக்கு மட்டும் தெரியும்படி செய்து கொடுத்ததை நான் நேரில் பார்த்தேன். ஒரு பக்கம் முழுவதையும் கண்டால் கை நடுங்கி உட்கார்ந்துவிடும் பிள்ளை, அந்தச் சன்னலுக்குள் தெரிந்த இரண்டு வரியை நிதானமாகப் போட்டு முடித்து, அட்டையைத் தானே கீழே நகர்த்தினான். அந்த அட்டை இன்னும் எங்கள் வீட்டில் இருக்கிறது. கடினமான பாடங்களை முற்பகலுக்கு மாற்றினீர்கள். களைத்தவன் நூலகத்தில் 20 நிமிடம் கண்மூடிப் படுக்க இடம் தந்தீர்கள். இரைச்சல் தாங்காதவன் என்பதால், அவன் வகுப்பைப் பள்ளி மணியிலிருந்து தொலைவான அறைக்கு மாற்றினீர்கள். அலுவலக உதவியாளர் அண்ணனோ, நீண்ட மணி அடிக்குமுன் அவனிடம் வந்து சொல்லிவிட்டே போவார். இரண்டாம் முறை தலையில் அடிபடக் கூடாது என்பதால் மைதானத்துக்கு அனுப்பாமல், ஓட்ட எண்ணிக்கை எழுதும் பொறுப்பை அவனுக்குக் கொடுத்தார் உடற்கல்வி ஆசிரியர். கோபத்தில் அவன் வீசிய பேனாவை எடுத்துவந்து, ஒரு சொல்லும் பேசாமல் அவன் கையிலேயே கொடுத்த பக்கத்து இருக்கைப் பிள்ளையை நான் மறக்க மாட்டேன்.

மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 2016 பட்டியலிடும் 21 வகைகளில் தலைக்காயத்துக்குத் தனிப்பெயர் இல்லை. அதனால் ஒவ்வோர் அலுவலகமாக அலைந்தேன். வலக்கையில் தங்கிவிட்ட பலவீனத்தைக் கொண்டு சான்றிதழ் பெறலாம் என்று வழிகாட்டியவர் சிறப்பாசிரியர். அச்சட்டத்தின் 17-ஆம் பிரிவு கூடுதல் நேரத்தையும் சொல்வதை எழுதுபவரையும் குறிப்பிடுகிறது என்று எடுத்துக்காட்டி, விண்ணப்பத்தைத் தம் கைப்படவே நிரப்பியவர் தலைமையாசிரியர். கிடைத்த அந்தக் கூடுதல் நேரத்தில்தான் அவன் தேர்வை முழுதாக எழுதினான்.

பாடம் கடினமாகும்போது, இதுவரை தெரியாத குறைகளும் மேல் வகுப்பில் வெளிப்படலாம் என்று மருத்துவர் எச்சரித்திருக்கிறார். ஆகவே எதில் திணறினான், எது கைகொடுத்தது என்று வகுப்பாசிரியை இரண்டு ஆண்டுகளாக எழுதிவந்த குறிப்பேட்டை, 11-ஆம் வகுப்பு ஆசிரியர்களிடம் முதல் நாளே ஒப்படைக்க இருக்கிறேன். அதன் முதல் பக்கத்தில் அம்மையார் எழுதியிருப்பது: “கேள்வி கேட்டபின் பத்து எண்ணும்வரை காத்திருக்கவும். பதில் வரும்.”

நன்றியுடன்,
அவனைப் பெற்றவள்