மரவில் செய்யும் பயிற்சிக்கு ஒரு நாள் போதாது

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பள்ளி விடுமுறையில் மாணவர்களுக்கு மரவில் செய்யக் கற்றுக்கொடுக்கும் ஒருநாள் முகாம்களைப் பற்றித் தங்கள் நாளிதழின் கோவைப் பதிப்பில் வெளியான கட்டுரையைப் படித்தேன். கைபேசியை ஓரமாக வைத்துவிட்டுப் பிள்ளைகள் உளியையும் அரத்தையும் கையில் எடுப்பது, என்னைப் போன்ற ஓய்வுபெற்ற தச்சுப் பயிற்றுநர்களுக்கு மகிழ்ச்சி தரும் செய்திதான். ஆனால், காலையில் பச்சை மூங்கிலைப் பிளந்து, நண்பகலில் தீயில் வாட்டி வளைத்து, மாலையில் நாண் கட்டி, அதே கையோடு அம்பும் எய்து பார்த்ததாக அக்கட்டுரை பாராட்டிச் சொல்கிறது. அப்படிச் செய்த பொருள் சுவரில் மாட்டி வைக்க அழகாக இருக்கும்; நாணை இழுத்து எய்வதற்கு ஆகாது. இத்தகைய முகாம் ஒன்றிலிருந்து வீட்டுக்குக் கொண்டுபோன வில், இழுக்கும்போது முறிந்து, அதன் சிராய் ஒரு மாணவனின் புருவத்தைக் கிழித்ததை நான் அறிவேன். கண் தப்பியது. ஆகவே, மரவில் செய்வதில் எந்த வேலைக்கு நாள் பிடிக்கும், அந்த நாளை ஏன் குறைக்க முடியாது என்பதைத் தங்கள் வாசகர்களுக்கும், குறிப்பாக முகாம் நடத்துவோருக்கும் எடுத்துச் சொல்ல விரும்புகிறேன்.

வில் என்பது தீயில் வளைத்து வைத்த கழி என்ற எண்ணம் நம்மிடையே பரவலாக இருக்கிறது. கோயில் சிற்பங்களிலும் நாடக மேடைகளிலும் வில்லை நாணேற்றிய நிலையிலேயே பார்த்துப் பழகியது இதற்குக் காரணமாக இருக்கலாம். உண்மையில், நல்ல மரவில் நாணைக் கழற்றினால் ஏறக்குறைய நேராகவே நிற்க வேண்டும். நாணேற்றும்போதும் இழுக்கும்போதும் மட்டும்தான் அது வளைய வேண்டும். தீ வாட்டுவது, கழியில் இருக்கும் கோணலையோ முறுக்கையோ நேராக்குவதற்கான துணை வேலைதான். வில்லை வில்லாக்குவது, கைப்பிடிக்கு மேலும் கீழும் உள்ள இரண்டு தண்டுகளும் ஒரே சீராக வளையும்வரை, வேண்டாத இடத்து மரத்தைச் சிறிது சிறிதாகக் கழித்துக்கொண்டே போகும் வேலை. வளைவு பார்த்து இழைப்பது என்று இதை நான் மாணவர்களுக்குச் சொல்வது வழக்கம்.

இழுக்கும்போது வில்லின் வெளிப்பக்கம், அதாவது இலக்கைப் பார்த்திருக்கும் முதுகுப்புறம், நீட்சிக்கு உள்ளாகிறது. எய்பவரைப் பார்த்திருக்கும் வயிற்றுப்புறம் நசுங்குகிறது. முதுகுப்புறத்தில் மரத்தின் நார் ஓரிடத்தில் அறுபட்டிருந்தாலும் அங்கிருந்து சிராய் எழும்பி வில் முறியும். எனவே மரத்தில் செய்யும்போது முதுகுப்புறத்தில் ஒரே ஆண்டு வளையம் நுனி முதல் நுனி வரை அறுபடாமல் ஓட வேண்டும். மூங்கிலில் செய்யும்போது பச்சைத் தோல் இருந்த வெளிப்புறத்தை முதுகாக வைத்து, கணுக்களை மட்டம் தட்டாமல் விட வேண்டும். மூங்கிலின் வலுவான நார்கள் வெளிப்புறத்தை ஒட்டியே நெருங்கி இருப்பதுதான் இதற்குக் காரணம். உளி, அரம், சுரண்டி ஆகிய எல்லாவற்றுக்கும் வேலை வயிற்றுப்புறத்தில் மட்டுமே. பார்வைக்கு வழவழப்பாக இருக்கட்டும் என்று முதுகை உப்புத்தாள் போட்டுக் கணுவோடு சேர்த்துத் தேய்த்துவிடுவதை முகாம்களில் பார்த்திருக்கிறேன். அழகுக்காகச் செய்யும் அந்த ஒரு காரியமே வில்லின் ஆயுளை முடித்துவிடும்.

அவசரம் ஏன் கூடாது என்பதற்கு ஒரு கணக்கும் உண்டு. தண்டின் விறைப்பு அதன் அகலத்துக்கு நேர் விகிதத்திலும், தடிமனின் முப்படி (தடிமன் × தடிமன் × தடிமன்) விகிதத்திலும் மாறும். 40 மில்லிமீட்டர் அகலத்தில் பதினாறில் ஒரு பங்கை எடுத்தால் விறைப்பும் பதினாறில் ஒரு பங்குதான் குறையும். 16 மில்லிமீட்டர் தடிமனில் ஒரு மில்லிமீட்டரை எடுத்தாலோ விறைப்பில் ஆறில் ஒரு பங்குக்கும் மேல் போய்விடும். இழைப்புளியை நான்கு முறை ஓங்கித் தள்ளினால் போகக்கூடிய மரம் அது. போனதைத் திரும்ப வைக்க வழியில்லை.

வளைவு பார்ப்பதைத் தொடங்க நாணே தேவையில்லை. ஒரு முனையைத் தரையில் ஊன்றி, கைப்பிடியை உள்ளங்கையால் அழுத்தினால், அந்தத் தண்டு எங்கே வளைகிறது, எங்கே விறைத்து நிற்கிறது என்பது தெரிந்துவிடும். இரு தண்டுகளும் தரையில் ஏறக்குறைய ஒன்றுபோல வளைந்த பிறகுதான் முனைகளில் நாண் மாட்டுவதற்கான குதை (சிறு பள்ளம்) வெட்டி, வில்லைவிடச் சற்று நீளமான, தளர்ந்த கயிற்றை மாட்ட வேண்டும். சுவரில் பொருத்திய கட்டையின்மேல் கைப்பிடியை அமர்த்தி, கயிற்றின் நடுவில் கட்டிய இழுகயிற்றைத் தரையருகே உள்ள ஒரு கிணற்றுக் கப்பியின் வழியாகச் செலுத்தி, பத்தடி தள்ளி நின்று இழுத்துப் பார்ப்பதே சரியான முறை. பின்சுவரில் சுண்ணாம்பால் கட்டங்கள் போட்டுக்கொண்டால் இடது தண்டுக்கும் வலது தண்டுக்கும் உள்ள வேறுபாடு பழகாத கண்ணுக்கும் புலப்படும். கயிற்றுக்கும் கப்பிக்கும் இடையில் ஒரு கொக்கித் தராசையும் மாட்டிவிட்டால் பட்டறை முழுமையாகிவிடும்.

இந்தக் கட்டத்தில் ஒரு விதியை எவரும் மீறக் கூடாது. இறுதியில் வேண்டிய இழுவிசை 10 கிலோ என்றால் (பதின்ம வயதில் புதிதாகப் பழகும் மாணவருக்கு அதற்கு மேல் தேவையே இல்லை), வேலை நடக்கும் எந்த நிலையிலும் தராசில் 10 கிலோவைத் தாண்டி இழுக்கக் கூடாது. தொடக்கத்தில் அந்த 10 கிலோவுக்குக் கயிறு ஆறங்குலம் கீழே வந்தாலே போதும். மரத்தைக் கழிக்கக் கழிக்க, அதே 10 கிலோவில் அது இன்னும் கீழே இறங்கிக்கொண்டே வரும். மாணவரின் கையளவுக்கு ஏற்ப 24 அல்லது 26 அங்குலத்தை அது தொடும்போது வில் முடிந்தது என்று பொருள். அரைகுறையாக வளைந்த வில்லை “எவ்வளவு தாங்குகிறது பார்ப்போம்” என்று முழு அளவுக்கு இழுத்தால், ஒன்று முறியும். அல்லது வயிற்றுப்புறம் நசுங்கி, நாணைக் கழற்றிய பிறகும் நிமிராத கூனல் விழுந்துவிடும்.

எங்கே சுரண்டுவது என்பதைக் கண்டுபிடிக்க எளிய கருவி ஒன்றை யார் வேண்டுமானாலும் செய்துகொள்ளலாம். ஒரு சாண் நீளமுள்ள சிறு கட்டையின் அடிப்பாகத்தைத் துல்லியமாக இழைத்து, நடுவில் துளையிட்டு, அதில் ஒரு பென்சிலைச் செருகிக்கொள்ள வேண்டும். நாணேற்றிய வில்லின் வயிற்றுப்புறம் குழிந்திருப்பதால், அதன்மேல் வைத்த கட்டையின் இரு நுனிகள் மட்டுமே மரத்தைத் தொடும். நடுவில் சிறு இடைவெளி இருக்கும். தண்டில் மிகுதியாக வளைந்துள்ள இடத்தில் கட்டையை வைத்து, பென்சில் முனை மயிரிழை அளவில் மரத்தைத் தொடாமல் நிற்குமாறு அமைத்துக்கொண்டு, தண்டின் நெடுகிலும் தள்ளிக்கொண்டு போனால், விறைத்த இடங்களில் மட்டும் கோடு விழும். கோடு விழுந்த இடத்தை மட்டுமே, தீட்டிய எஃகுத் தகட்டால் மெல்லிய சுருளாக வருமாறு சுரண்ட வேண்டும். கோடு விழாத இடம் ஏற்கெனவே அளவுக்கு மேல் வளைகிறது. அதன் பக்கமே போகக் கூடாது. சுரண்டிய பிறகு கயிற்றைக் குறைந்த அளவில் இருபது முப்பது முறை இழுத்துவிட்டே மறுபடி பார்க்க வேண்டும். கழித்த மரத்தின் விளைவு உடனே வெளிப்படாது. இந்தக் காத்திருப்பில்தான் மாணவர்கள் பொறுமை இழப்பார்கள். பக்கத்தில் ஆசிரியர் இருக்க வேண்டிய நேரமும் அதுவே. நாணை முழுதாக ஏற்றிய பிறகு கீழ்த்தண்டு மேல்தண்டைவிடச் சற்றே விறைப்பாக இருக்குமாறு விடுவதும் வழக்கம். வில்லைப் பிடிக்கும் கை நடுவுக்குக் கீழே அமைவதால் கீழ்த்தண்டின்மேல் கூடுதல் பாரம் விழுகிறது.

இவை எல்லாவற்றுக்கும் முன்பாக மரம் காய்ந்திருக்க வேண்டும். பச்சை மரம் வளையும், ஆனால் நிமிராது. மரத்தின் ஈரப்பதம் 8 முதல் 10 விழுக்காட்டுக்குள் வருவது வில்லுக்கு உகந்தது. மேற்குத் தொடர்ச்சி மலையின் மழைமறைவில் இருக்கும் நம் கொங்குச் சீமையில், பாலக்காட்டுக் கணவாய் வழியாக வீசும் ஆடிக்காற்று கழியை உலர்த்தும் வேலையில் பெரும்பகுதியைச் செலவில்லாமல் செய்துகொடுக்கும். பிளந்த கழியின் இரு முனைகளிலும் சாணம் மெழுகி, நிழலில், காற்றோட்டமான பரணில் கிடத்தி, வாரம் ஒருமுறை நிறுத்துப் பார்த்து, எடை குறைவது நின்ற பிறகு எடுத்தால் போதும். ஒருநாள் முகாமில் இதற்கு இடமே இல்லை என்பதுதான் என் முதல் குறை. குறைந்தபட்சம், முந்தைய ஆண்டே வெட்டிக் காயவைத்த கழிகளையாவது முகாம் நடத்துவோர் வாங்கி வைத்திருக்க வேண்டும்.

எந்த மரம் என்பது அடுத்த கேள்வி. தடித்த சுவருள்ள கல்மூங்கில் நமக்கு எளிதில் கிடைக்கும்; மூன்று வயதுக்குக் குறைந்த முளையாக இருக்கக் கூடாது. வெட்டியதும் சில வாரம் நீரில் ஊறப்போட்டால் மாவுச்சத்து குறைந்து, உளுத்துப்போவதும் குறையும். மரங்களில், முறியாமல் வளைவதற்குப் பெயர்பெற்றது தடசு. பிற நாடுகளில் வில்லுக்குப் புகழ்பெற்ற யூ மரம் நம்மிடம் இல்லையே என்று வருந்த வேண்டியதில்லை. டென்மார்க்கின் ஹோல்மெகார்டு சதுப்பு நிலத்தில் கிடைத்த, ஏறத்தாழ 9000 ஆண்டுப் பழமையுடைய வில் எல்ம் மரத்தில் செய்தது. யூ அளவுக்கு ஏற்றதல்லாத மரத்தை அகலமாகவும் தட்டையாகவும் செதுக்கி அக்காலத்து மனிதர்கள் ஈடுகட்டியிருக்கிறார்கள். 1991இல் ஆல்ப்ஸ் பனிமலையில் கண்டெடுக்கப்பட்ட 5000 ஆண்டுகளுக்கும் முந்தைய மனிதரின் உடலருகே இருந்த 1.82 மீட்டர் நீள வில்லில், செதுக்கிய தடங்கள் அப்படியே இருந்தன. அந்த வில் முடிக்கப்படாதது. அவரும் அவசரப்படவில்லை போலும்.

நாணுக்கு நைலான் கயிறு ஆகாது, அது இழுபடும். நம் வறண்ட காடுகளின் வேலியோரத்தில் வளரும் மருள் செடியின் நார் பழங்காலம் முதலே விற்கயிற்றுக்குப் பயன்பட்டது. பழகுவோருக்கு டாக்ரான் (பாலியெஸ்டர்) நூலைத் திரித்துக்கொள்வது எளிது.

கழி வெட்டும் இடத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. சத்தியமங்கலம் காடு 2013 முதல் புலிகள் காப்பகம்; அங்கே போய்க் கழி வெட்டலாம் என்று மாணவர்களிடம் பேச்சுக்குக்கூடச் சொல்லக் கூடாது. தோட்டத்து மூங்கில் புதரே போதுமானது. 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின்படி வேட்டை குற்றம் என்பதையும், இந்த வில் வைக்கோல் இலக்குக்கு மட்டுமே என்பதையும், அம்பு தொடுக்காமல் நாணை இழுத்து விடுவது வில்லையே உடைக்கும் என்பதையும் முதல் பாடத்திலேயே சொல்லிவிட வேண்டும்.

இவ்வளவு பாடுபட்டு ஒரு மரவில்லைச் செய்து என்ன பயன் என்று கேட்பவர்களும் உண்டு. தேசிய அளவிலான வில்வித்தைப் போட்டிகளில் ‘இந்தியன் ரவுண்டு’ என்று ஒரு பிரிவு இருக்கிறது. மூங்கில் அல்லது மர வில்லைக் கொண்டு 30, 50 மீட்டர் தொலைவு இலக்குகளை எய்யும் போட்டி அது. ஒலிம்பிக் வகை வில்லும் அதன் துணைக்கருவிகளும் லட்ச ரூபாயைத் தாண்டும் காலத்தில், விவசாயி வீட்டுப் பிள்ளை இந்த விளையாட்டுக்குள் நுழைய அந்தப் பிரிவுதான் வாசல். அதற்கான வில்லை நம் ஊரிலேயே செய்ய முடியும். உடுமலை, பொள்ளாச்சி வட்டாரத்தில் ரேக்ளா வண்டி செய்யும் ஆசாரிமார் மரத்தின் நார் ஓட்டத்தைக் கண்ணாலேயே படிக்கக்கூடியவர்கள். முகாம் நடத்துவோர் அவர்களில் ஒருவரை அழைத்துவந்து, ஒருநாள் நிகழ்ச்சியை வாரம் ஒருமுறை வீதம் இரண்டு மூன்று மாத வகுப்பாக மாற்றினால், பத்து மாணவர்களில் நான்கு பேராவது நம்பி இழுக்கத்தக்க வில்லோடு வீடு திரும்புவார்கள் என்பது என் மதிப்பீடு.

பெருமை பேசுவதில் நாம் குறைந்தவர்கள் அல்லர். கரூர் அமராவதி ஆற்று மணலில் கிடைத்த சேரர் காசுகளில் வில்லும் அம்பும் இருப்பதை மேடைதோறும் சொல்கிறோம். கொல்லிமலையில் ஆண்டுதோறும் ஆடி 17, 18ஆம் நாள்களில் வல்வில் ஓரிக்கு அரசு விழா எடுக்கிறோம். அதையொட்டி வில்வித்தைப் போட்டியும் நடைபெறுவதுண்டு. அந்தப் போட்டியில், போட்டியாளரே தம் கையால் செய்த மரவில்லுக்கென ஒரு தனிப்பிரிவைச் சேர்க்குமாறு நாமக்கல் மாவட்ட நிர்வாகத்தைத் தங்கள் நாளிதழ் வாயிலாகக் கேட்டுக்கொள்கிறேன். எய்வதற்கு முன்பாக ஒவ்வொரு வில்லையும் கப்பியில் மாட்டி, அதன் முழு அளவுக்கு ஐம்பது முறை இழுத்துப் பார்த்த பிறகே களத்தில் இறக்க அனுமதிக்கும் சோதனையும் வேண்டும். முகாம்களிலும் இதே சோதனையைத் தேறாத வில்லை மாணவரிடம் கொடுத்தனுப்பக் கூடாது. கப்பி, கொக்கித் தராசு, கட்டம் போட்ட பலகை ஆகியவை என்னிடம் இருக்கின்றன. ஈரோடு, திருப்பூர் மாவட்டங்களில் முகாம் நடத்துவோர் கேட்டால் இரவலாகத் தருவதற்கும், வந்து மாட்டிக் காட்டுவதற்கும் ஆயத்தமாக இருக்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள வாசகர்,
ஓய்வுபெற்ற தச்சுப் பயிற்றுநர்,
கோபிசெட்டிபாளையம்.