இலக்கண வகுப்புக்கு ஒரு கவிஞர்

யாழ்ப்பாணம்

அன்பு மகளுக்கு,

சனிக்கிழமை வகுப்பில் இலக்கணம் என்றாலே பிள்ளைகள் கொட்டாவி விடுகிறார்கள் என்று சொன்னாய். விடாமல் என்ன செய்வார்கள்? நன்னூல் சூத்திரத்தை மனப்பாடம் பண்ணிய எங்கள் காலத்திலும் விட்டோம். சித்தப்பா அடுத்த மாதம் ரொறொன்ரோ வருகிறார், அவரிடம் எம். ஏ. நுஃமானின் ‘அடிப்படைத் தமிழ் இலக்கணம்’ கொடுத்துவிடுகிறேன். 1999இல் வந்தது. பழைய நூல்கள் சொன்னதையே திருப்பிச் சொல்லாமல், இன்று நாம் எழுதுகிற தமிழ் எப்படி இயங்குகிறது என்று பார்க்கிற புத்தகம். நான் படிப்பித்த கடைசி வருடங்களில் அது என் மேசையை விட்டுப் போனதில்லை.

நீ இலக்கணத்துக்கு ஒரு கிழமை, கவிதைக்கு ஒரு கிழமை என்று பிரித்து வைத்திருக்கிறாயே, அதுதான் எனக்குப் பிடிக்கவில்லை. அந்தப் புத்தகத்தை எழுதியவர் முதலில் கவிஞர். 1944இல் கல்முனைக்குடியில் பிறந்தவர். கவிதைக்கென்றே ‘கவிஞன்’ என்றொரு சஞ்சிகை நடத்தினார், அது நீண்ட காலம் ஓடவில்லை. எங்கள் அளவெட்டிக் கவிஞர் மஹாகவி உருத்திரமூர்த்தியின் பாட்டில் பேச்சோசை எப்படி வந்து உட்கார்ந்திருக்கிறது என்பதை யாழ்ப்பாணத்தாருக்கும் எடுத்துக் காட்டியவர் இந்தக் கல்முனைக்காரர்தான். 1984இல் அ. யேசுராசாவோடு சேர்ந்து ‘பதினொரு ஈழத்துக் கவிஞர்கள்’ தொகுத்தார். யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் படிப்பித்தார், பிறகு பேராதனையில் பேராசிரியராக இருந்தார். மற்ற விவரமெல்லாம் நீயே தேடி எடுப்பாய்.

அவருடைய ‘புத்தரின் படுகொலை’யை வகுப்புக்குக் கொண்டுபோ. 1981 மே 31 இரவு யாழ் நூலகம் எரிக்கப்பட்டதைப் பற்றியது. தொண்ணூற்றேழாயிரம் புத்தகம் போனது என்பார்கள். நீ பிறக்கும் முன்னரே நடந்த கதை, ஆனால் வீட்டில் கேட்டுக் கேட்டு வளர்ந்தவள். கவிஞர் அழவுமில்லை, சபிக்கவுமில்லை. கனவில் புத்தரையே சிவில் உடைப் பொலிஸ் சுட்டுவிடுகிறது, உடல் நூலகப் படிக்கட்டருகே கிடக்கிறது. இரவில் அமைச்சர்கள் வருகிறார்கள். எங்கள் பட்டியலில் இவர் பெயர் இல்லையே, ஏன் கொன்றீர்கள் என்று சினக்கிறார்கள். இவரைச் சுடாமல் ஒரு ஈயைக்கூடச் சுட முடியவில்லை ஐயா என்று பதில் வருகிறது. சரி சரி, பிணத்தை மறையுங்கள் என்று சொல்லிவிட்டு அவர்கள் போய்விடுகிறார்கள். பிறகு பொலிஸார் உடலைப் புத்தகங்களால் மூடி, புத்தர் இல்லறத்தாருக்குச் சொன்ன சிகாலோகவாத சூத்திரத்தைக் கொளுத்தி எரிக்கிறார்கள். பொலிஸ் அறிக்கை மாதிரி அவ்வளவு வறட்சியான தமிழ். அந்த வறட்சிதான் ஆளை உலுக்குகிறது.

இனி இலக்கணத்துக்கு வா. வினைமுற்றுகளை மட்டும் பிள்ளைகளைக் கோடு போடச் சொல். தொடக்கத்தில் புத்தர் ‘இறந்தார்’. அப்புறம் கொன்றனர், வந்தனர், சினந்தனர், மறைந்தனர் என்று செய்தவர்கள் எல்லாரும் உயர்திணைப் பன்மையில் வரிசையாக வந்து போகிறார்கள். முடிவில் சடலம் அஸ்தி ‘ஆனது’, புத்தரின் போதனை நூலான தம்மபதமும் சாம்பல் ‘ஆனது’. கொன்றவர்கள் கடைசிவரை உயர்திணை, கொல்லப்பட்டவர் அஃறிணைக்கு இறங்கிவிட்டார். நான் திணை படிப்பிக்க ‘இராமன் வந்தான், மாடு வந்தது’ என்று எத்தனை வருடம் கரும்பலகையில் எழுதியிருப்பேன்! நுஃமான் இதைத் திட்டமிட்டுத்தான் எழுதினாரோ என்னவோ, இலக்கணம் தெரிந்தவர் கைக்கு அது தானாக வரும் என்றுதான் நான் நினைக்கிறேன்.

அதே 1981இல்தான் அவர் மொழிபெயர்த்த ‘பாலஸ்தீனக் கவிதைகள்’ முதலில் வந்தது. பாலஸ்தீனக் கவிஞர் மஹ்மூத் தர்வீஷை எங்கள் பெடியளுக்கு அறிமுகப்படுத்தியது அந்தப் புத்தகம். எண்பதுகளில் இங்கே கவிதை எழுத வந்தவர்கள் அதைக் கையில் வைத்திருந்தார்கள். எங்கள் வீட்டுப் பிரதி இடம்பெயர்வில் போய்விட்டது. ஈழத்துப் புத்தகங்களைச் சேர்த்து வைத்திருக்கிற ‘நூலகம்’ என்ற இணையத்தளத்தில் தேடிப் பார், கிடைத்தால் இரண்டு கவிதை அச்செடுத்து வை.

ஒன்று மட்டும். சின்ன வகுப்புக்கு புத்தர் கவிதை வேண்டாம். பிணம், கொலை என்று பிள்ளைகள் வீட்டில் போய்ச் சொன்னால் தாய்மார் உனக்குத்தான் தொலைபேசி எடுப்பார்கள். பெரிய வகுப்புக்கு முதலில் நீயே உரக்க வாசித்துக் காட்டு, விளக்கம் பிறகு சொல்லலாம். அவர்கள் என்ன கேட்டார்கள் என்று எனக்கு எழுது.

அன்புடன்,
அம்மா