விலை ஸ்டிக்கரை வேறெங்காவது ஒட்டுங்கள்: சங்கக்கடைக்கு ஒரு திறந்த மடல்

எங்கள் பலநோக்குக் கூட்டுறவுச் சங்கத்தின் தலைவர், இயக்குநர் சபையினர், பொது முகாமையாளர் அவர்களுக்கு,

வணக்கம்.

போன கிழமை சங்கக்கடையில் நடந்தது உங்கள் காதுக்கு எட்டியிருக்கும். ஊர் சின்னது, நானும் கொஞ்சம் உரத்துத்தான் கதைத்தேன். அதனால் யார் என்ன சொன்னார் என்று திரும்பவும் எழுதவில்லை. காசு வாங்கும் பிள்ளையில் எனக்குக் கோபம் இல்லை. ஒட்டச் சொன்ன இடத்தில் ஒட்டுகிறது. ஒட்டச் சொன்னவர்களிடம்தான் கேட்கிறேன்: குழந்தைகளுக்குக் கரைத்துக் கொடுக்கும் தானிய உணவான சீரியலின் பெட்டியில் விலை ஸ்டிக்கரைக் காலாவதித் திகதியின் மேல் ஒட்டாமல் விட முடியாதா?

எங்கள் பக்கத்தில் விடிய முன்னமே கார்மென்ட்ஸ் பஸ் வந்து இளம் தாய்மாரை ஏற்றிக்கொண்டு கிளிநொச்சிப் பக்கம் போய்விடும். பிள்ளை அம்மம்மாவின் கையில். கொதித்தாறிய தண்ணீரை ஊற்றிக் கரண்டியால் கிண்டினால் உடனே கரைந்து கூழாகும் சீரியலை அதனால்தான் வாங்குகிறோம். குரக்கன் கூழ் காய்ச்சத் தெரியாத ஆட்கள் இல்லை நாங்கள். ஆனால் பசித்த ஏழு மாதப் பிள்ளை அடுப்பு மூட்டி முடியும்வரை பொறுக்காது, ஊரைக் கூட்டிவிடும். ஆறு மாதம் முடிந்தால் தாய்ப்பாலோடு இரும்புச்சத்துள்ள சாப்பாடும் வேண்டும் என்று மிட்வைஃப் மிஸ்ஸும் சொல்கிறார். சீரியலில் அதைச் சேர்த்துத்தான் விற்கிறார்கள். வீட்டுச் சாப்பாட்டோடு ஒரு நேரம் இது. அவ்வளவுதான்.

இந்தச் செதில் எப்படிக் கரைகிறது என்பதைத் தெரிந்துகொண்டால் திகதிக்கு நான் ஏன் இவ்வளவு அடம்பிடிக்கிறேன் என்று விளங்கும். தானிய மாவைக் கூழாக்கி, நீராவியால் சூடாக்கிய பெரிய உருளையின் மேல் மெல்லியதாகப் பரப்பி, காய்ந்ததும் சுரண்டி எடுத்து நொறுக்குகிறார்கள். ஏற்கெனவே வெந்த சாமான் என்பதால் தண்ணீர் பட்டதும் உறிஞ்சிக்கொள்கிறது. தண்ணீரை உறிஞ்சுவது காற்றின் ஈரத்தையும் உறிஞ்சும். பால்மா சேர்ந்த சீரியல் என்றால் அதிலுள்ள கொழுப்பு நாள்பட்டுக் காறிப்போகும். எங்கள் வெயிலில் தகரக் கூரைக் களஞ்சியத்துக்குள் கிடந்தால் சொல்லவே வேண்டாம். கொழும்பில் குளிரூட்டிய கடையில் இருக்கும் பெட்டியை விட வன்னியில் இருக்கும் பெட்டிக்குத்தான் திகதி அவசியம்.

நடந்ததைச் சுருக்கமாகச் சொல்கிறேன், ஏனென்றால் கடையில் யாரும் என்னை முடிக்க விடவில்லை. பெட்டியைத் திறந்தபோது காறல் வாடை அடித்தது, செதில் கட்டிகட்டியாக இருந்தது. திகதி பார்ப்போம் என்று ஸ்டிக்கரை நகத்தால் மெல்ல உரித்தேன். உரிந்தது. ஆனால் திகதி அச்சடித்த மையும் அதோடு உரிந்து வந்துவிட்டது. பெட்டியில் வெறும் மட்டை. உள்ளே இருந்த வெள்ளிப் பையிலும் ஒன்றும் இல்லை. ஸ்டிக்கரின் பசைப் பக்கத்தைக் கண்ணாடியில் பிடித்துப் பார்த்தால் எழுத்து நேராகத் தெரிந்தது: மார்ச்சோடு முடிந்திருந்தது. நான் வாங்கியது மே மாதம்.

கொண்டுபோய்க் கேட்டால், "பெட்டியில் திகதி எங்க, காட்டுங்கோ பாப்பம்" என்றார்கள். ஸ்டிக்கரைக் காட்டினேன். அது வேறு பெட்டியின் ஸ்டிக்கராக இருக்கலாமாம். அப்புறம், திறந்த பெட்டியை எடுக்க மாட்டார்களாம். திறக்காமல் மணப்பது எப்படி என்று எனக்குத் தெரியவில்லை. இயக்குநர் சபையில் யாருக்காவது தெரிந்திருந்தால் அங்கத்தவர்களுக்கு ஒரு வகுப்பு வைக்கலாம்.

திகதியோடு போனாலும் பரவாயில்லை. என் வீட்டுக்காரருக்குச் சீனி வருத்தம். அவருக்கு ஓட்ஸ் வாங்கினால் அங்கேயும் இதே கதை. வெறும் ஓட்ஸா, சீனி கலந்து ஒருநேரப் பொதியாக அடைத்ததா என்று முன்பக்கப் படத்தைப் பார்த்துத் தெரியாது. பொருட்பட்டியலைப் பார்க்க வேண்டும். நிறையில் கூடியதைத்தான் அதில் முதலாவதாகப் போடுவார்கள். ஓட்ஸுக்கு அடுத்ததாகவே சீனி நின்றால் நான் வைத்துவிட்டு வருவேன். மெல்லியதாக நசித்த உடனடி ஓட்ஸ் இரத்தத்தில் சீனியை வேகமாக ஏற்றும், தடித்த செதில் மெதுவாக ஏற்றும் என்று கிளினிக்கில் சொல்லி விட்டிருக்கிறார்கள். 100 கிராமில் 22 கிராமுக்கு மேல் சீனி இருந்தால் சிவப்பு அடையாளம் போட வேண்டும் என்று 2019இல் அரசாங்கம் விதி கொண்டுவந்தது. அந்தச் சிவப்பின் மேலும் உங்கள் விலை. தற்செயல் என்றே நம்புகிறேன். உங்கள் ஸ்டிக்கருக்குக் கண் இருக்கிறது என்று ஊரில் சொல்கிறார்கள், நான் அதை நம்பவில்லை.

2022இல் விலை கிழமைக்குக் கிழமை ஏறியபோது ஸ்டிக்கர் மேல் ஸ்டிக்கர் ஒட்டினீர்கள். அப்போது யாரும் ஒன்றும் சொல்லவில்லை, எல்லாருக்கும் கஷ்டம். தொண்ணூறுகளில் பொருளாதாரத் தடைக்குள் சவர்க்காரமும் பற்றரியும் இல்லாமல் இருந்த ஆட்கள் நாங்கள். வந்த நிவாரணத்தைச் சங்கக்கடை வாசலில் வரிசையில் நின்று வாங்கியிருக்கிறோம். கிடைத்ததைத் தின்ற காலம் அது, திகதி கேட்கவில்லை. அதே பழக்கத்தில் இன்றும் கேட்க மாட்டார்கள் என்று யாரோ நினைத்துவிட்டார்கள் போல. வேறு இடத்தில் விலைபோகாத பழைய சாமான் வன்னிக்கு வந்தால் போய்விடும் என்ற எண்ணம் மொத்த வியாபாரிகளிடம் இருக்கிறது. அவர்களிடம் சண்டை பிடிக்க வேண்டிய சங்கம் அவர்களுடைய பெட்டிக்கு மறைப்புக் கட்டுகிறது. கடையின் முகப்புக்கு மட்டும் வருடா வருடம் புதுப் பெயின்ற்.

சரி, அதை விடுகிறேன். கேட்க வந்தது ஒன்றுதான்.

2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கப் பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபைச் சட்டம் இருப்பது உங்களுக்கு என்னை விட நன்றாகத் தெரியும். அந்த அதிகார சபையின் முறைப்பாட்டுத் தொலைபேசி இலக்கமான 1977க்கு அழைக்கச் சொல்லி மகள் நச்சரிக்கிறாள். இன்னும் அழைக்கவில்லை. எங்கள் பங்குப் பணத்தில் நடக்கும் கடை. வீட்டுச் சண்டைக்குப் பொலிசைக் கூப்பிடுவது மாதிரி இருக்கிறது. ஆனால் அடுத்த பெட்டியிலும் இப்படி என்றால் கூப்பிடத்தான் வேண்டும்.

தயவுசெய்து விலையைத் தட்டின் விளிம்பில் எழுதுங்கள். பெட்டியில்தான் ஒட்ட வேண்டும் என்றால் முன்பக்கம் சிரிக்கும் குழந்தையின் மேல் ஒட்டுங்கள், அந்தப் படத்தால் எங்களுக்கு ஒரு பயனும் இல்லை. திகதியையும் பொருட்பட்டியலையும் மறைக்காதீர்கள். ஏற்கெனவே ஒட்டியவற்றைத் தட்டில் இருந்து எடுத்துப் பார்த்து, முடிந்தவற்றை ஒதுக்குங்கள். என் பெட்டிக்குரிய பணத்தைத் திருப்பித் தருவது உங்கள் விருப்பம். நான் அதற்காக எழுதவில்லை.

அடுத்த சபைக் கூட்டத்தில் இதை எடுத்து, முடிவைக் கடையின் அறிவித்தல் பலகையில் போடும்படி பணிவாகக் கேட்டுக்கொள்கிறேன். பொதுக்கூட்டம் வரை இழுத்தால் அங்கே எழுந்து கேட்பேன். கண்ணாடியும் ஸ்டிக்கரும் கொண்டு வருவேன்.

இப்படிக்கு,
சங்கத்தின் அங்கத்தவர், ஒரு அம்மம்மா