எந்தக் கை?

பாப்பா,

மூன்று வாரமாகப் போனை எடுத்ததும் “அப்புறம் பேசறேன்பா” என்கிறாய். வேலை இருக்கும், சரி. நான் ஒன்றும் கேட்கவில்லை. வேளைக்குச் சாப்பிடு.

தண்டையார்பேட்டையில் விடாத மழை. புளி கரைத்து வைத்ததை மறந்துவிட்டு அம்மா திருவொற்றியூர் போய்விட்டாள். நான்கு நாள் கழித்துப் பார்த்தால் மேலே வெள்ளையாகப் பூஞ்சணம், ஓரத்தில் பச்சை. கொட்டப் போனவளிடமிருந்து கிண்ணத்தை வாங்கி ஜன்னலோரம் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். “அப்பனுக்கும் பொண்ணுக்கும் இதே வேலை” என்றாள்.

நீ சொன்னதெல்லாம் ஞாபகம் இருக்கிறது. புளியில் இருப்பதும் டார்டாரிக் அமிலம்தான், ஆனால் ஒரே வகை. ஆலையில் செய்தால் இடது கை, வலது கை மாதிரி இரண்டு வகையும் கலந்து வரும். 1848-ல் லூயி பாஸ்டர் என்ற விஞ்ஞானி அந்த அமிலத்தின் உப்புப் படிகங்களை ஒவ்வொன்றாகப் பொறுக்கியே இரண்டு வகையாகப் பிரித்துவிட்டார். அப்போது அவருக்கு 25 வயது. உனக்கு 27. கோபித்துக்கொள்ளாதே, சும்மா சொன்னேன். பத்து வருஷம் போல கழித்து, அதே வேலையைப் பூஞ்சணம் செய்வதைக் கண்டார். ஒளியை வலப்பக்கம் திருப்பும் வகையைத் தின்றுவிட்டு, இடப்பக்கம் திருப்பும் வகையை அப்படியே விட்டுவைத்ததாம்.

30 வருஷம் மளிகைக் கடை வைத்தவன் சொல்கிறேன், பாதி சரக்கைக் கூலியாகத் தின்கிற ஆள் கட்டுப்படியாகாது. தின்னாமல் ஒரு வகையை இன்னொன்றாக மாற்றிக் கொடுக்கும் பூஞ்சணத்தைத் தேடுகிறேன் என்றாயே, கிடைத்ததா? எல்லாவற்றையும் விட்டுவிட்டு வரப்போகிறாய் என்று செந்தில் ஏதோ சொன்னான். நான் நம்பவில்லை. வந்தாலும் மாடி அறை அப்படியேதான் இருக்கிறது. வேளைக்குச் சாப்பிடு.

ஒன்றாம் வகுப்பில் நீ இடது கையால் சோறு எடுத்ததற்குக் கடை ஸ்கேலால் அடித்தேன். ஆயா குறுக்கே வந்தும் விடவில்லை. விரல் முட்டி வீங்கி, மூன்று நாள் உனக்குப் பலப்பம் பிடிக்க வரவில்லை. நீயும் அதைக் கேட்டதில்லை, நானும் சொன்னதில்லை. தப்பு பண்ணிவிட்டேன், பாப்பா.

கேண்டீனில் எடுத்து அனுப்பினாயே செல்ஃபி, அதில் ஸ்பூன் இடது கையில் இருக்கிறது. சில போனில் இடம் வலம் மாறி விழும் என்கிறான் செந்தில். பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்துவிட்டேன், பிடிபடவில்லை. எந்தக் கை என்று மட்டுமாவது எழுது.

அப்பா