கையை எடுக்காத அக்காவுக்கு

மும்பை மாட்டுங்கா ரயில் நிலையத்துக்கு வெளியே மாலை கட்டி விற்கும் அக்காவுக்கும், அன்று கூடி நின்ற எல்லோருக்கும் வணக்கம்.

ஜூலை மழையில், பெயர்ந்து கிடந்த நடைபாதைக் கல்லில் கால் இடறி விழுந்த 74 வயதுப் பெரியவர் என் அப்பா. இரண்டடி பின்னால் குடையோடு நின்ற மரம் நான். உச்சந்தலையில் காயம். தலைத் தோலில் ரத்தக் குழாய்கள் மிகுதி. அறுந்தால் மற்ற இடங்களைப் போல எளிதில் சுருங்கி மூடிக்கொள்ளாது என்று பிறகு அறிந்தேன். அந்த நேரத்தில் எனக்குத் தெரிந்ததெல்லாம் வேட்டி வரை சிவப்பாக இருந்தது மட்டுந்தான்.

அக்கா, நீங்கள் கையிலிருந்த மல்லிகையைப் போட்டுவிட்டு வந்தீர்கள். அப்பாவின் தோள் துண்டையே நான்காக மடித்துக் காயத்தின் மேல் வைத்து அழுத்தினீர்கள். ஒருவர் எங்கிருந்தோ காப்பித்தூள் கொண்டுவந்தார். அவரையும் குறை சொல்லவில்லை, எங்கள் வீட்டிலும் அதுதான் வைத்தியம். "தூளைப் போட்டால் டாக்டர்தான் உட்கார்ந்து கழுவ வேண்டும்" என்று விரட்டினீர்கள். நின்றுவிட்டதா என்று நான் துண்டைத் தூக்கப் போனபோது, "எடுக்காதே தம்பி" என்று போட்ட அதட்டல் இன்னும் காதில் இருக்கிறது.

அந்த அதட்டலின் பொருளைத் தையல் போட்ட இளம் டாக்டர் விளக்கினார். அறுந்த இடத்தில் முதலில் தட்டணுக்கள் ஒட்டிக் குவிகின்றன. அதன்மேல் ஃபைப்ரின் என்ற நார் பின்னி இறுகுகிறது. பத்து நிமிடமாவது விடாமல் அழுத்தினால்தான் அந்தப் பின்னலுக்கு அவகாசம். நடுவில் தூக்கிப் பார்த்தால் கட்டிய நாரைப் பிய்த்த கதைதான். பூ கட்டுகிற உங்களுக்கு இதை நான் சொல்லத் தேவையில்லை.

அப்பாவுக்கு அந்த நார்தான் லேசில் பின்னாது. இதயத் துடிப்பு ஒழுங்கில்லாததால் வார்ஃபரின் சாப்பிடுகிறார். "தாத்தா ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை எடுக்கிறாரா?" என்று கேட்டு, டாக்ஸியில் ஏறும்முன் மாத்திரை அட்டையை நான் கையோடு எடுத்துக்கொள்ள வைத்த கல்லூரிப் பெண்ணே, நீ யாரம்மா? அந்த ஒரு கேள்வியால்தான் உள்ளே போனதும் ஸ்கேனும் ரத்தப் பரிசோதனையும் உடனே நடந்தன. மூளையில் கசிவு இல்லை. ஆனால் ரத்தம் உறைய எவ்வளவு தாமதமாகிறது என்று காட்டும் ஐ.என்.ஆர். அளவு, 2 முதல் 3 வரை இருக்க வேண்டியது, 5.2 இருந்தது.

காரணம் நான். முந்தைய வாரம் வயிற்றுப்போக்குக்கு, டாக்டர் சீட்டில்லாமல் கடையில் மெட்ரோனிடசோல் என்ற கிருமிக்கொல்லி மாத்திரை வாங்கிக் கொடுத்திருந்தேன். அது வார்ஃபரின் உடலைவிட்டுக் கழிவதைத் தாமதப்படுத்துமாம். உறைய வைக்கும் பொருள்கள் சிலவற்றைக் கல்லீரல் செய்வதற்கு வைட்டமின் கே வேண்டும். வார்ஃபரின் அந்த வேலையைத்தான் தடுக்கிறது. எனவே வைட்டமின் கே கொடுத்தே சரிக்கட்டினார்கள். கெட்டுப்போன தீவனம் தின்று ரத்தம் உறையாமல் மாடுகள் செத்ததை ஆராயப் போய்க் கிடைத்த வழியில் வந்த இதே வார்ஃபரின், 1948இல் எலி மருந்தாக விற்பனைக்கு வந்தது என்றும் அந்த டாக்டர் சொன்னார். அப்பாவிடம் இதை நான் இன்னும் சொல்லவில்லை.

தொடையில் பட்ட அடி வேறு கதை. கருநீலம் நாளுக்கு நாள் முழங்காலை நோக்கி இறங்கியது. இரவு பதினொன்றுக்கு வார்டுக்குத் தொலைபேசியில் அழைத்துப் புலம்பினேன். கால் வீங்குகிறதா, மரத்துப்போகிறதா என்று கேட்டுவிட்டு, "ரத்தமும் தண்ணீர் மாதிரி கீழேதானே இறங்கும் சார்" என்றார் நாகர்கோவில் பேச்சுக்காரரான அந்தச் சிஸ்டர். அடுத்துப் பச்சை வரும், பிறகு மஞ்சள் வரும், பயப்படாதீர்கள் என்றும் சொன்னார். சிதைந்த சிவப்பணுக்களின் நிறப்பொருள் உடைய உடைய அப்படித்தானாம். சொன்ன வரிசையிலேயே வந்தது.

மீட்டர் காசு வாங்காமல் போன டாக்ஸிக்காரருக்குத் தமிழ் தெரியாது. அவர் அந்தப் பக்கம் வந்தால், அக்கா, இதை இந்தியில் சொல்லிவிடுங்கள்.

பத்தாம் நாள் ஆறு தையலையும் பிரித்தார்கள். முருங்கைக் கீரையை அடியோடு நிறுத்த வேண்டாம், வாராவாரம் ஒரே அளவு சாப்பிடட்டும் என்றதில் அப்பாவுக்கு ஏக மகிழ்ச்சி. வெள்ளிக்கிழமை கீரை வாங்க அவரே வருகிறார். ஐந்து முழம் மல்லிகை எடுத்து வையுங்கள். அன்று மழையில் அடித்துப் போன பூவுக்கும் சேர்த்துக் காசு வாங்கிக்கொள்ள வேண்டும்.